பசிப்பிணியும் பத்தியமும்

நான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். உணவியல் என் துறையன்று. பல்கலைக்கழகத்தில் நான் பயின்றவை இலக்கணமும் காப்பியங்களும் இலக்கிய வரலாறும் மாத்திரமே. அவ்வாறிருந்தும் உணவைப் பற்றியும், உணவு பற்றி ஆலோசனை கூறுவதைத் தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றியும் எழுதத் துணிந்தமைக்கு இரண்டு நிகழ்ச்சிகள் காரணமாயின. ஒன்று என் வீட்டில் நிகழ்ந்தது. மற்றது என் வகுப்பறையில் நிகழ்ந்தது. முதலாவது என் அறியாமையை எனக்குக் காட்டியது. இரண்டாவது அதனினும் கசப்பான ஒன்றைக் காட்டியது.

என் தாயாருக்கு நீரிழிவு உண்டென்று வைத்தியர் கூறியபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. குளிசைகளை எழுதிக் கொடுத்த வைத்தியர், "சாப்பாட்டில் கவனமாயிருங்கள்" என்று ஒரு வசனம் சொன்னார். வெளியே வாங்குகளில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தனர். அதற்குமேற் பேச அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. அந்த ஒரு வசனத்துக்கு உரை எழுதும் பொறுப்பை எங்கள் ஒழுங்கை ஏற்றுக்கொண்டது.

மறுநாளே உரையாசிரியர்கள் வந்து சேர்ந்தனர். சோற்றை அடியோடு விட்டுவிட வேண்டும், பாண் சாப்பிடலாம் என்றார் ஒருவர். சீனிதான் ஆகாது, பனங்கட்டி நீரிழிவுக்கு நல்லது என்றார் வேறொருவர். பாகற்காய்ச் சாறு குடித்து வந்தால் குளிசையே தேவைப்படாது என்று மூன்றாமவர் சத்தியம் செய்தார். இராச் சாப்பாட்டை நிறுத்தினால் நோய் தானாகவே அடங்கும் என்பது பெரியம்மாவின் தீர்ப்பு. நானோ படித்தவன். ஆகவே, படித்தவனுக்குரிய மூடநம்பிக்கையை நான் கைக்கொண்டேன். பட்டணத்துக் கடையொன்றிற் பளபளக்கும் ரின் ஒன்றில் அடைத்து விற்ற சத்துமா ஒன்றைப் பெருவிலை கொடுத்து வாங்கி வந்தேன். விலை உயர்ந்ததாதலால் அது நல்லதாகவே இருக்கும் என நம்பினேன். அந்த மாதம் வேறு பல செலவுகளை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று.

சக ஆசிரியை ஒருவர், "வைத்தியசாலையிலே போசணையியலாளர் ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் அம்மாவைக் காட்டினால் என்ன?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அத்தொழிலைப் பற்றி என் மனத்தில் இருந்த படம் வேறு. உடம்பை மெலியவைக்க விரும்பும் வசதி படைத்தோருக்கும் விளையாட்டு வீரருக்கும் உரிய ஆடம்பரம் அது என்று எண்ணியிருந்தேன். நம் போன்றோர் சென்றால், தின்னக் கூடாதவற்றின் நீண்ட பட்டியல் ஒன்றையும், எங்கள் சந்தையிற் கிடைக்காத பழங்களின் சிறிய பட்டியல் ஒன்றையும் நீட்டுவார். அவ்வளவுதான் என்று கருதினேன். சமையற் குறிப்புக்கு ஒரு பட்டமா என்ற இளக்காரமும் உள்ளூர இருந்தது.

மூன்று மாதம் சென்றும் இரத்தத்திற் சீனியின் அளவு குறையவில்லை. அம்மா அஞ்சிப் போனார். பெரியம்மாவின் தீர்ப்பை ஏற்று, எனக்குத் தெரியாமலே இராச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஆனால் குளிசையை மாத்திரம் தவறாமற் போட்டு வந்தார். ஒருநாள் விடியற் காலையில் அவர் அறையிலிருந்து முனகல் கேட்டது. உடம்பெல்லாம் வியர்த்து நனைந்திருந்தது; கைகள் நடுங்கின; என்னைப் பார்த்து, இறந்துபோன என் மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அயலில் இருந்த ஓய்வுபெற்ற தாதி ஓடிவந்தார். "மூண்டு கரண்டி சீனியைத் தண்ணியிலை கரைச்சுக் கொண்டு வாரும், கெதியா!" என்றார். நான் திகைத்து நின்றேன். சீனியா? எந்தச் சீனிக்கு அஞ்சி மூன்று மாதமாக வீட்டையே தலைகீழாக்கினோமோ அந்தச் சீனியா? என் மனைவிதான் ஓடிச்சென்று கரைத்து வந்தார். அம்மா மெல்ல மெல்லக் குடித்தார். கால் மணி நேரத்தில் அவருக்கு நினைவு தெளிந்தது. என்னை என் பெயர் சொல்லி அழைத்தார்.

சில வகை நீரிழிவுக் குளிசைகளை உட்கொண்டுவிட்டு உணவைத் தவிர்த்தால், இரத்தத்திற் குளுக்கோசு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். இந்த எளிய உண்மையை எங்கள் வீட்டில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. சிலப்பதிகாரம் கற்பிக்கும் மகனும் அறிந்திருக்கவில்லை.

அதன் பின்னரே போசணையியலாளரிடம் சென்றோம். இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஓர் இளம்பெண். மேசையிற் பட்டியல் எதுவும் இல்லை. அம்மாவோ குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போலத் தாமே வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கினார்.

"பிள்ளை, நான் சோத்தை விட்டுட்டன். காலமையும் பின்னேரமும் பாண்தான்."

"எவ்வளவு பாண் அம்மா?"

"அரை றாத்தல் வரும். சோறு இல்லாட்டிப் பசிக்குதுதானே."

அவர் சிரிக்கவில்லை, கண்டிக்கவுமில்லை. நேற்று எழுந்தது முதல் உறங்கும் வரை எதை எதை எந்நேரத்தில் உண்டீர்கள் என்று கேட்டார். வீட்டில் எத்தனை பேர், யார் சமைப்பது, சந்தை எவ்வளவு தூரம், தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி, வளவில் முருங்கை நிற்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். மாதம் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவழிக்க இயலும் என்றும் கேட்டார். என் வாழ்நாளில் எந்த வைத்திய அறையிலும் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

பின்னர் அவர் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். சோற்றில் உள்ளதும் மாப்பொருளே. பாணில் உள்ளதும் மாப்பொருளே. கோதுமை மா இடியப்பத்தில் உள்ளதும் அதுவே. ஒன்றை விட்டு மற்றொன்றை இரட்டிப்பாக உண்பதாற் பயனில்லை. தவிட்டோடு கூடிய சிவப்பரிசியும் குரக்கனும் நல்லவைதாம். ஆனால் நல்லதென்று இரு மடங்கு உண்டால் அந்த நன்மை போய்விடும். தட்டின் அரைப்பங்கு கீரையும் மரக்கறியுமாக இருக்கட்டும், காற்பங்கு சோறு, மீதிக் காற்பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை இவற்றுள் ஒன்று. பனங்கட்டி பனையிலிருந்து வந்தாலும் அதுவும் சீனியின் இனமே. பாகற்காயைக் கறியாக்கி உண்ணலாம். அது குளிசைக்குப் பதிலாகாது. தேங்காயிற் கொலஸ்திரோல் இல்லை என்பது உண்மை. ஆனால் அதன் கொழுப்பு, உடலிலுள்ள கொலஸ்திரோலைக் கூட்டும் வகையைச் சேர்ந்தது. ஆகவே சொதியை விட வேண்டியதில்லை. முதற்பாலைக் குறைத்தாற் போதும். நெத்தலியை முள்ளோடு உண்பதாற் கல்சியம் கிடைக்கும். குளிசை போடும் நாளிற் பட்டினி கூடவே கூடாது.

நான் வாங்கிய ரின்னைப் பற்றிக் கேட்டேன். "சேர், அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் வாங்கினால் வீட்டிலை எல்லாரும் சாப்பிடலாம்" என்றார்.

வீடு திரும்பும் வழியில் அம்மா, "இந்தப் பிள்ளை என்ரை சமையலைத்தானே எனக்குச் சொல்லித் தந்தது" என்றார். ஏமாற்றமும் நிம்மதியும் கலந்த குரல் அது. முதலிலே தடைகளை எதிர்பார்த்துச் சென்ற எங்களுக்கு அளவு கற்பிக்கப்பட்டது. பாண் குறைந்தது, மதியச் சோறு ஒரு கோப்பை அளவில் மீண்டது, இரவில் உணவும் மீண்டது. அடுத்த பரிசோதனைகளில் இரத்தச் சீனி படிப்படியாக இறங்கிற்று.

அன்று முதல் நான் இதைப்பற்றிச் சிந்திக்கலானேன். நமக்குள் இரு வகைப் பிழைகள் உள்ளன. விலையுயர்ந்ததும் வெளிநாட்டிலிருந்து வந்ததுமே சத்துள்ளது என்பது ஒன்று. பழையன யாவும் மருந்து, நம் முன்னோர் அறியாத உணவியல் இல்லை என்பது மற்றொன்று. முதலாவது வணிகரின் விளம்பரம் விதைத்த பிழை; இரண்டாவது நம் பெருமிதம் விதைத்த பிழை. இவை இரண்டிற்கும் விடை ஒரே இடத்திலிருந்து கிடைப்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டலாம்.

1890களில் யாவாத் தீவிற் பணிபுரிந்த கிறிஸ்ரியன் ஐக்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை உண்ட கோழிகள் கால் விளங்காது தள்ளாடியதையும், தவிடு நீக்காத அரிசியை உண்டபோது தேறியதையும் கண்டார். மனிதரைக் கொன்ற பெரிபெரி நோயின் மர்மம் அவ்வழியே துலங்கத் தொடங்கிற்று. பின்னர் அதன் காரணம் தயமின் என்ற விற்றமினின் குறைவு எனத் தெளிவாயிற்று. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லைப் புழுக்கும்போது அந்த விற்றமின் தவிட்டிலிருந்து மணியின் உட்பகுதிக்குச் செல்கிறது. ஆதலாற் குற்றிய பின்னும் ஓரளவு எஞ்சுகிறது. நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் குற்றியபோது விற்றமின் என்ற சொல்லையே அறிந்திருக்கவில்லை. ஆயினும் அவர்கள் வழக்கம் சரியானது. அதே பாட்டிமார் பனங்கட்டியைப் பற்றிக் கூறியது பிழையானது. எது சரி, எது பிழை என்று புடைத்தெடுக்கும் சுளகு அறிவியல்தான். பழமையை முற்றாக எறிபவனுக்கும் சுளகு தேவையில்லை. முற்றாகத் தொழுபவனுக்கும் தேவையில்லை.

இத்துடன் கட்டுரை முடிந்திருந்தால், இஃது ஓர் ஆசிரியன் திருந்திய கதையாக இருந்திருக்கும். இரண்டாவது நிகழ்ச்சி இனித்தான் வருகிறது.

புதிதாகக் கற்றவனுக்குப் போதிக்கும் ஆசை அதிகம். பத்தாந் தர மாணவர்க்கு "ஆரோக்கியமான உணவு" என்ற தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்தேன். காலை உணவின் அவசியம், முட்டை, பயறு, கீரை, பழம் எனக் கரும்பலகையிற் குறிப்புகளும் எழுதினேன். பலரும் எழுதினர். ஒரு மாணவனுடைய கட்டுரை யாவற்றிலும் சிறந்து விளங்கியது. காபோவைதரேற்று, புரதம், விற்றமின் என்று பிரித்து, ஒவ்வொரு வேளைக்கும் உரிய உணவை அழகிய தமிழில் வருணித்திருந்தான். அதை வகுப்பில் உரத்து வாசித்து, மற்றவர்க்கு முன்மாதிரியாகக் காட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம், காலைக் கூட்டத்தில் அந்த மாணவன் மயங்கி விழுந்தான். ஆசிரியர் அறையிற் கிடத்தி முகத்தில் நீர் தெளித்தோம். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். வெறுந் தேத்தண்ணி என்றான். இரவு? இரவும் அதுவே, ஒரு துண்டுப் பாணோடு. வாடைக்காற்று வீசும் மாதம் அது. அவன் தகப்பன் பிறர் படகிற் கூலிக்குச் செல்லும் கடற்றொழிலாளி. எட்டு நாட்களாகப் படகு கடலில் இறங்கவில்லை.

"அப்ப கட்டுரையிலை எழுதினது?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது விஞ்ஞானப் புத்தகத்திலை இருந்தது, சேர்" என்றான்.

அன்று மூன்றாம் பாடவேளை எனக்கு அதே வகுப்பு. மணிமேகலையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பசியைப் பிணி என்று பெயரிட்டழைத்த காப்பியம் அது. மணிபல்லவத்திற் பெற்ற அமுதசுரபியை ஏந்தி அவள் ஊர் ஊராகச் சென்றதையும், அரசனிடம் வரங்கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியதையும் நான் எத்தனையோ முறை உணர்ச்சியோடு விளக்கியிருக்கிறேன். அன்று அந்த மாணவனின் வெறுமையான இருக்கையைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒரு வரியும் விளக்க முடியவில்லை. அவனுக்கு நான் கற்பித்தது யாது? தன் வயிற்றைப் பற்றிப் பொய் எழுதக் கற்பித்தேன். அப்பொய்க்குப் புள்ளிகளும் இட்டேன்.

உணவைப் பற்றிய பிழையான எண்ணங்களுள் மிகப் பெரியது இதுவே எனக் கருதுகிறேன்: மக்கள் நன்றாக உண்ணாமைக்குக் காரணம் அறியாமை மாத்திரமே என்னும் எண்ணம். வசதியுள்ளவனுக்கு இது மிகவும் வசதியானது. அறியாமைதான் காரணமென்றால் ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிட்டு விநியோகித்தாற் போதும்; கூலியைப் பற்றியும் விலையைப் பற்றியும் ஒருவரும் கேட்கமாட்டார். நோயுற்றவனே நோய்க்குக் குற்றவாளியாகி விடுவான்.

என் முதல் நியமனம் மலையகத்தில், ஒரு தோட்டப் பாடசாலையில். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள், ரொட்டியையும் சாயத் தேநீரையும் ஒன்றாகவே உட்கொள்வதை நாள்தோறும் கண்டேன். உணவோடு குடிக்கும் தேநீர், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. சிறிது நேரம் கழித்துக் குடித்தாலோ, உணவோடு தேசிக்காய் சேர்த்தாலோ நன்மையுண்டு. அறிவியல் தரும் இந்த ஆலோசனை முற்றிலும் சரியானது. ஒவ்வொரு தாய்க்கும் சொல்லப்பட வேண்டியது. ஆனால் அப்பெண்ணின் இடைவேளையை நிர்ணயிப்பவர் அவரல்லர். நிறுத்துக் கொடுக்க வேண்டிய கொழுந்தின் அளவை நிர்ணயிப்பவரும் அவரல்லர். உலகுக்குத் தேயிலை தரும் கைகளுக்குத் தேநீரை ஆறுதலாக அருந்த நேரமில்லை என்றால், அது போசணை பற்றிய அறிவீனம் ஆகுமா?

நமது நாட்டின் வரலாறும் இதனையே கூறுகிறது. 1953இல் அன்றைய அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது; பாடசாலைப் பிள்ளைகளுக்கு மதியத்தில் இலவசமாக வழங்கிய பணிசையும் நிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிகளின் அழைப்பை ஏற்று நாடு ஹர்த்தாலில் இறங்கிற்று, உயிர்கள் பலியாயின, ஒக்ரோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அன்று வீதிக்கு வந்தோர் போசணை நூல்களைப் படித்தவரல்லர். தம் தட்டில் என்ன குறைகிறது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். 1973இல் சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த திரிபோஷா, தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வழங்கப்படத் தொடங்கிற்று. அறிவியலும் அரசின் பொறுப்பும் கைகோத்தால் என்ன இயலும் என்பதற்கு அது சான்று. 1979இல் பங்கீட்டு முறை போய் உணவு முத்திரை வந்தது. விலைகள் ஏற ஏற அம்முத்திரையின் பெறுமதி தேய்ந்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில், செப்டெம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. முதலாண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. கூலி அவ்வாறு இரட்டிக்கவில்லை. அந்த ஆண்டில் முட்டையைக் கைவிட்ட குடும்பங்கள் முட்டையின் பயனை மறந்தா கைவிட்டன?

இவ்வாறு கூறுவதால் உணவியல் அறிவு பயனற்றது என்று நான் வாதிடுவதாக எவரும் கொள்ளலாகாது. வறுமை ஒழியும் வரை போசணை பற்றிப் பேசுவதெல்லாம் வீண் என்று கூறும் தோழர்களையும் நான் அறிவேன். அதுவும் பிழையே. என் தாயைச் சாவின் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்தியது வறுமையன்று, எங்கள் அறியாமை. குறைந்த காசைக் கொண்டு ஏமாற்றமின்றி உண்ண வேண்டியவனுக்கே அந்த அறிவு மிகவும் தேவை. பணக்காரன் தவறாக வாங்கினால் மீண்டும் வாங்குவான். கூலிக்காரன் பால்மா விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் அந்த வாரம் வீட்டிற் பருப்பில்லை. இனிப்புப் பானம் விற்போருக்கு விளம்பரப் பலகைகள் உண்டு. பயறுக்கும் முருங்கையிலைக்கும் விளம்பரம் செய்ய யார் இருக்கிறார்? ஒருவர் ஒரு நாளிற் பெறும் சக்தியிற் பத்து வீதத்துக்கு மேல், சேர்த்துக்கொள்ளும் சீனியிலிருந்து வரலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2015இல் வரையறுத்தது. நன்கு உண்ணும் ஒருவருக்கு அது நாளொன்றுக்கு ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு தேக்கரண்டி. இரண்டு கரண்டி சீனியிட்டு ஐந்து தேநீர் குடிப்பவர் வேறெதையும் உண்ணாமலே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறார். இதை அறிவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அந்தப் போசணையியலாளரைப் பாடசாலைக்கு அழைத்தோம். பெற்றோர் கூட்டத்திற் பேசினார். வளவிலும் வேலியிலும் கிடைப்பவற்றைக் கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினார். கூட்டம் முடிந்தபின் அந்த மாணவனைப் பற்றி அவரிடம் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார். "இருக்கிறதை எப்படிப் பிரிக்கிறதெண்டு நான் சொல்லலாம், சேர். இல்லாததைப் பிரிக்க எனக்குத் தெரியாது" என்றார். தம் அறிவு எங்கே முடிகிறது என்பதை அறிந்தவரே உண்மையான நிபுணர் என்று அன்று எனக்குத் தோன்றிற்று.

அவர் அறிவு முடியும் இடத்தில் நம் கடமை தொடங்குகிறது. எங்கள் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்கு மதிய உணவு உண்டு. ஆறாந் தரத்துக்கு மேலே இல்லை. பசி ஐந்தாந் தரத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆசிரியர் சிலரும் பெற்றோர் சிலரும் சேர்ந்து வாரத்தில் மூன்று நாள் இலைக்கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசியும் வல்லாரையும் சிறிது தேங்காய்ப்பாலும். எல்லா மாணவரும் குடிக்கின்றனர். பசித்தவன் யார் என்று ஒருவரும் அடையாளம் காணா வண்ணம் ஆசிரியரும் வரிசையில் நிற்கிறோம். இது தீர்வன்று என்பதை அறிவேன். அமுதசுரபி எங்கள் கையில் இல்லை. விறகும் அரிசியும் ஒவ்வொரு வாரமும் தேட வேண்டியிருக்கிறது. எல்லாத் தரங்களுக்கும் உணவு வழங்குவது அரசின் பொறுப்பு என்பதைச் சங்கக் கூட்டங்களில் நாம் ஓயாது கேட்க வேண்டும். சம்பள உயர்வைப் போலவே அதையும் ஒரு கோரிக்கையாக எழுத வேண்டும்.

ஆரோக்கியமான உணவைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு நான் இப்போது கேட்பதில்லை. நேற்று உண்டதை உண்மையாக எழுதித் தருமாறு கேட்கிறேன். அவற்றுக்குப் புள்ளியில்லை, வகுப்பில் வாசிப்பதுமில்லை. அந்தத் தாள்களை நான் வீட்டுக்கு எடுத்துச் சென்று, இரவில் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். ஆசிரிய நண்பர்களும் ஒருமுறை அவ்வாறு கேட்டுப் பார்க்க வேண்டும்.